காற்று யாருடைய சொத்து?

1991ஆம் வருஷத்தில் நம் ரிசர்வ் பாங்கியின் பெட்டகத்திலிருந்து சுமார் 47 டன் தங்கம் நாட்டை விட்டு வெளியேறி, வெளிநாட்டுப் பாங்கிகளிடம் ஈடாக வைக்கப்பட்டது. அதன்மீது பெற்ற கடன் சுமார் 40 கோடி டாலர். அச்செய்தி பத்திரிகைகளில் வெளிவந்த அன்று தேசமெங்கும் உண்டான மனவருத்தத்தை நம் வீட்டுப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நெருக்கடிக்குக் காரணங்கள் பல. சர்க்காரின் வரவுக்கு மிஞ்சிய செலவு ஒன்று; ஏறிக்கொண்டே போன வெளிநாட்டுக் கடன் மற்றொன்று. ஆயினும் 1990 ஆகஸ்டு மாதத்தில் இராக் தேசம் குவைத்தின்மீது படையெடுத்ததும், சில வாரங்களில் எண்ணெய் விலை இரட்டித்ததும், ஏற்கெனவே சாய்ந்து நின்ற சுவரை ஒரேயடியாகத் தள்ளிவிட்டன. நகையை அடகு வைத்து விளக்குக்கு எண்ணெய் வாங்கும் குடும்பத்தைப் பற்றி ஊரார் என்ன பேசுவார்களோ, அதையே உலகம் அன்று நம்மைப் பற்றிப் பேசிற்று.

அந்தக் கடன் விரைவிலேயே தீர்ந்தது. அந்த நிலைமை தீரவில்லை. 2008 ஜூலையில் எண்ணெய் பீப்பாய் ஒன்றுக்கு 147 டாலர் வரை ஏறிற்று. 2022இல் ரஷ்யா உக்ரேன்மீது படையெடுத்த பின் மறுபடியும் 120 டாலரைக் கடந்தது. 2023-24ஆம் வருஷத்தில் நம் தேசம் உபயோகித்த கச்சா எண்ணெயில் நூற்றுக்கு 85க்கு மேற்பட்ட பங்கு அந்நிய நாடுகளிலிருந்து வந்தது. அதற்காக நாம் கொடுத்த தொகை சுமார் 13,000 கோடி டாலர். அந்நியத் துணிக்காக வருஷந்தோறும் வெளியேறிய பணத்தைக் கணக்கிட்டுக் காட்டியே நம் முன்னோர் சுதேசியத்தைப் போதித்தார்கள். அந்தத் துணி இன்று நம் உடலில் இல்லை. அந்தக் கணக்கு மட்டும் வேறொரு பெயரில் தொடர்ந்து எழுதப்பட்டு வருகிறது.

இந்த அடிமைத்தனத்திலிருந்து விடுபடும் மார்க்கங்களில் காற்றும் ஒன்று என்பதை இப்பொழுது யாரும் மறுப்பதில்லை. ஆகவே காற்றாலைகள் வேண்டுமா, வேண்டாமா என்று நாம் இங்கே வாதிக்கப் போவதில்லை. அந்தக் காற்றாலைகள் யாருக்குச் சொந்தமாயிருக்க வேண்டும் என்பதே நாம் எழுப்பும் கேள்வி. இது பங்குப் பணத்தைப் பற்றிய அற்ப விவகாரமென்று சிலர் நினைக்கலாம். எண்ணெய் விலை இறங்கும் நாளில் ஒரு தேசம் தன் முயற்சியைக் கைவிடுமா, விடாமல் தொடருமா என்பதையே இது தீர்மானிக்கிறது என்பது நம் திடமான அபிப்பிராயம்.

காற்றால் மோட்டார் ஓடுமா?

முதலில் ஒரு தப்பெண்ணத்தை நீக்க வேண்டும். எண்ணெய் விலை ஏறும்போதெல்லாம், "காற்றாலைகளை நடுங்கள், கஷ்டம் தீர்ந்துவிடும்" என்று சொல்லுபவர்கள் உண்டு. இது பாதி உண்மைதான். நம் தேசத்தில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலக்கரியிலிருந்து வருகிறது. எண்ணெயை எரித்து எடுக்கும் மின்சாரம் மிகச் சொற்பம். எண்ணெய் போய்ச் சேரும் இடங்கள் வேறு: லாரி, பஸ், மோட்டார், கப்பல், ஆகாய விமானம், தொழிற்சாலை. காற்றாலை ஒன்று புதிதாகச் சுழன்றால் அதனால் முதலில் மிச்சமாவது நிலக்கரியே அன்றி எண்ணெய் அல்ல.

அப்படியானால் காற்றினால் எண்ணெய்ச் செலவு குறையாதா? குறையும். ஆனால் இரண்டு காரியங்கள் ஒருங்கே நடக்க வேண்டும். காற்றிலிருந்து மின்சாரத்தை எடுப்பது ஒன்று. எண்ணெயால் நடந்து வந்த வேலைகளை மின்சாரத்துக்கு மாற்றுவது மற்றொன்று. இரண்டாவது காரியம் நம் கண்முன்னே நடந்துகொண்டுதான் இருக்கிறது. நம் கிணற்றடிகளில் ஒரு காலத்தில் புகை கக்கிய எண்ணெய் எஞ்சின்களின் இடத்தை மின்சார மோட்டார்கள் பிடித்துவிட்டன; தமிழ்நாட்டில் மட்டும் 20 லட்சத்துக்கு மேற்பட்ட விவசாயப் பம்புகள் மின்சாரத்தால் ஓடுகின்றன. அகல ரயில் பாதைகளில் மிகப் பெரும்பகுதிக்கு மின்சாரக் கம்பி போடப்பட்டுவிட்டது. வீதிகளில் மின்சார வண்டிகள் சத்தமில்லாமல் ஓடத் தொடங்கியிருக்கின்றன. இவையெல்லாம் நிலக்கரி மின்சாரத்தால் ஓடுமாயின் ஒரு புகையை விட்டு மற்றொரு புகையைப் பிடித்ததாகும். காற்றாலும் வெயிலாலும் வரும் மின்சாரத்தால் ஓடுமாயின் அதுவே சுதேசி எரிபொருள்.

டென்மார்க்கின் அனுபவம்

இவ்விஷயத்தில் உலகத்துக்கு ஒரு பாடம் கற்பித்த தேசம் டென்மார்க்கு. ஜனத்தொகையில் நம் சென்னை நகரத்துக்கும் ஈடாகாத சிறிய நாடு அது. மலையில்லை, ஆகையால் நீர்வீழ்ச்சி மின்சாரமும் இல்லை. இருந்தது வடகடலிலிருந்து வீசும் காற்று மட்டுமே. அந்நாட்டில் ஆஸ்கோவ் என்ற கிராமத்து மக்கள் கல்விச்சாலையில் ஆசிரியராயிருந்த பால் லாகூர் என்பவர், 1891இல் காற்றாலையிலிருந்து மின்சாரம் எடுத்துக் காட்டினார். காற்று ஓய்ந்தால் என்ன செய்வது என்ற கேள்வி அன்றே பிறந்தது. அம்மின்சாரத்தால் நீரைப் பிரித்து, ஹைட்ரஜன் வாயுவைத் தொட்டியில் சேர்த்து வைத்து, அதைக்கொண்டு பள்ளிக்கூடத்தின் விளக்குகளை எரித்தார். கிராமத்துப் பையன்களுக்கு மின்சாரத் தொழிலையும் கற்பித்தார்.

அவரிடம் பயின்ற யோஹானஸ் யூல் என்பவர், 1957இல் கெட்ஸர் என்னும் கடற்கரை ஊரில் 200 கிலோவாட் சக்தியுள்ள மூன்று இறகுக் காற்றாலை ஒன்றை ஒரு மின்சாரக் கம்பெனிக்காக நிர்மாணித்தார். பத்து வருஷம் அது குறைவின்றி ஓடிற்று. 1967இல் அது நிறுத்தப்பட்டது. காரணம் யந்திரத்தின் குற்றமன்று. எண்ணெய் அப்பொழுது கொள்ளை மலிவாயிருந்தது. கப்பலில் வரும் எண்ணெய் காற்றைவிட மலிவென்று கணக்குப் போட்டார்கள். கெட்ஸர் காற்றாலை கடற்கரையில் வெறுமனே நின்றது. அதற்காகக் கண்ணீர் விட்டவர் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. ஏனெனில் அது ஊராரில் யாருக்கும் சொந்தமன்று.

ஆறு வருஷம் சென்றது. 1973 அக்டோபர் மாதத்தில் மேற்காசிய யுத்தம் மூண்டது. அராபிய நாடுகள் எண்ணெயைக் குறைத்தன. மூன்று டாலர் அளவில் இருந்த பீப்பாய் விலை 1974 ஜனவரிக்குள் 11 டாலரைத் தாண்டிவிட்டது. தன் எரிபொருள் தேவையில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் வெளிநாட்டு எண்ணெயை நம்பியிருந்த டென்மார்க்கு திகைத்துப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் ஓட்டக் கூடாதென்று உத்தரவு பிறந்தது. ராஜபாட்டைகளில் ஜனங்கள் நடந்தும் சைக்கிளிலும் சென்றார்கள். தூங்கிக்கொண்டிருந்த கெட்ஸர் காற்றாலையின் ஞாபகம் அப்பொழுதுதான் வந்தது. அமெரிக்க விண்வெளி ஸ்தாபனத்தின் பொருளுதவியுடன் அது பழுது பார்க்கப்பட்டு, 1977 முதல் 1979 வரை மறுபடியும் ஓட்டப்பட்டு, அதன் இயக்கம் அளந்து குறிக்கப்பட்டது. நீங்கிய பொருளின் அருமை நெருக்கடியில்தானே தெரியும்?

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விலை இறங்கியபோது மறந்து, ஏறியபோது நினைத்துக்கொண்டது டென்மார்க்கு. இது எல்லாத் தேசங்களுக்கும் பொதுவான குணம், நமக்கும் உண்டு. ஆனால் இரண்டாம் முறை அந்நாடு மறக்கவில்லை. 1972 முதல் வடகடலில் சொந்த எண்ணெய் கிடைக்கத் தொடங்கி, 1990களில் தன் தேவைக்குப் போதுமான அளவு பெருகிய பின்பும் மறக்கவில்லை. 1986இல் உலக எண்ணெய் விலை சரிந்தபோது அவர்கள் எண்ணெய்மீது வரியை உயர்த்தினார்கள். 1991இல் விண்டபி என்னுமிடத்தில் உலகத்திலேயே முதன்முதலாகக் கடலில் காற்றாலைகளை நட்டார்கள். 2019இல் அந்நாட்டு மின்சாரச் செலவில் நூற்றுக்கு 47 பங்கு காற்றிலிருந்து வந்தது. பின்னர் அது பாதியையும் கடந்துவிட்டது. முதல் முறை மறந்தவர்கள் இரண்டாம் முறை ஏன் மறக்கவில்லை?

பங்குக்காரர்களின் ஞாபகம்

அதற்கு விடை காற்றாலைகளின் சொத்துரிமையில் இருக்கிறது. 1973க்குப் பின் அந்நாட்டில் காற்றாலை கட்டப் புறப்பட்டவர்கள் பெரிய கம்பெனிக்காரர் அல்லர். தச்சர், கருமார், விவசாயிகள், பள்ளி ஆசிரியர்கள் ஆகியோரே முதலில் முனைந்தார்கள். ட்விண்ட் என்ற பள்ளியின் ஆசிரியர்களும் மாணவர்களும் மூன்று வருஷம் தாங்களே உழைத்து, 1978இல் அக்காலத்து உலகத்திலேயே பெரிய காற்றாலைகளில் ஒன்றை எழுப்பினார்கள். அதே வருஷத்தில் ரீஸோ என்ற ஆராய்ச்சி நிலையத்தில் காற்றாலைகளைச் சோதிக்கும் சாலை ஏற்பட்டது. சோதனையில் தேறிய யந்திரத்தை வாங்குவோருக்கு, 1979 முதல் விலையில் நூற்றுக்கு 30 பங்கை அரசாங்கம் கொடுத்தது. தொழில் வேரூன்றிய பின் 1989இல் அந்த உதவி நிறுத்தப்பட்டது.

ஊரிலுள்ள பத்து, இருபது குடும்பங்கள் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்து, ஆளுக்குச் சில பங்கு வாங்கி, ஊர்ப்புறத்தில் ஒரு காற்றாலையை நட்டன. வருஷத்துக்கு 1,000 யூனிட் மின்சாரம் என்பது ஒரு பங்கின் அளவு. 1990களின் இறுதிக்குள் காற்றாலையில் பங்குள்ள குடும்பங்கள் ஒரு லட்சத்தைத் தாண்டிவிட்டன. 2000-2001இல் கோபன்ஹேகன் துறைமுகத்துக்கு எதிரே மிடில்குருண்டன் என்ற மேட்டுக் கடலில் 20 காற்றாலைகள் நிறுவப்பட்டன. அவற்றில் பத்து நகர மின்சார ஸ்தாபனத்துக்குச் சொந்தம். மற்றப் பத்தும் ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தம். அச்சங்கத்தின் பங்குகள் 40,500. பங்குக்காரர்கள் எண்ணாயிரத்துக்கு மேற்பட்டவர்கள்.

இதன் பலன் என்ன? கெட்ஸர் காற்றாலை நின்றபோது கேட்பாரில்லை. ஒரு லட்சம் குடும்பங்களின் காற்றாலைகளை நிறுத்துவதென்றால் எந்த மந்திரிக்குத் துணிவு வரும்? எண்ணெய் மலிந்த காலத்திலும் அந்தக் குடும்பங்களுக்குக் காற்றின் ஞாபகம் இருந்தது. மாதந்தோறும் வரும் கணக்குச் சீட்டு ஞாபகப்படுத்திற்று. ஒரு தேசத்தின் உறுதி என்பது தலைவர்களின் பிரசங்கத்தில் இல்லை. ஜனங்களின் வீட்டு வரவு செலவில் அது இடம் பெற்றால்தான் நிலைக்கும்.

டென்மார்க்கில் யாவும் பொன்னென்று நாம் கூறவில்லை. எண்ணெயை விட்ட அந்நாடு நெடுங்காலம் நிலக்கரியை மிகுதியாக எரித்தது உண்மை. பிற்காலத்தில் காற்றாலைகள் பெரிதாகி விலை ஏறியதும், பெருங் கம்பெனிகள் நுழைந்தன. ஊராரின் பங்கு குறைந்தது. உடனே ஊர்களில் காற்றாலைகளுக்கு எதிர்ப்புக் கிளம்பிற்று. அதன்பேரில், புதிதாகக் காற்றாலை கட்டுவோர் நாலரைக் கிலோமீட்டர் சுற்றளவில் வசிக்கும் ஜனங்களுக்குக் குறைந்தது நூற்றுக்கு 20 பங்கை விற்க முன்வர வேண்டுமென்று 2008ஆம் வருஷத்துச் சட்டம் விதித்தது. அந்த விதி பின்னாளில் மாற்றப்பட்டது. ஆனால் அப்படி ஒரு விதி தேவைப்பட்டதே நம் வாதத்துக்குச் சாட்சியம். தன்னுடைய காற்றாலையின் சத்தம் ஒருவனுக்குத் தாலாட்டு. அயலானுடைய காற்றாலையின் சத்தம் அவனுக்குத் தொந்தரவு.

நம் கணவாய்கள்

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொல்லும் நமக்குக் காற்றின் வலிமையை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று மேற்கு மலைத்தொடரில் மோதி, இடைவெளி கிடைத்த இடங்களில் நெருங்கிப் புகுந்து வருகிறது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, கம்பம், பாலக்காடு ஆகிய கணவாய்களே அந்த வாசல்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதிலுள்ள சக்தி எட்டு மடங்காகும் என்பது விஞ்ஞான விதி. ஆகையால் கணவாய் வாயிலிலுள்ள வறண்ட பூமி, நெல் விளையாவிட்டாலும், தேசத்தின் மிகச் சிறந்த விளைநிலங்களில் ஒன்றாகிறது.

நம் மாகாணத்தில் காற்றாலை முயற்சி 1986இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் ஆரம்பமாயிற்று. அங்கே முதலில் நட்டவை 55 கிலோவாட் சக்தியுள்ள டென்மார்க்கு யந்திரங்கள். பின்னர் டென்மார்க்கு அரசாங்கத்தின் உதவியுடன் கயத்தாறிலும் முப்பந்தலிலும் காற்றாலைகள் எழுந்தன. 1799இல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட அதே கயத்தாறு, எரிபொருள் விடுதலைக்கு அடிக்கல் நாட்டிய இடங்களில் ஒன்றாயிற்று என்பதை எண்ணும்போது நமக்கு ஒரு திருப்தி உண்டாகிறது. இன்று தமிழ்நாட்டில் நிறுவப்பட்டுள்ள காற்றாலைகளின் மொத்தச் சக்தி 10,000 மெகாவாட்டுக்கு மேல். இந்தியா முழுவதிலும் 2025இல் அது 50,000 மெகாவாட்டைக் கடந்தது. பாரதத்தில் வெகுகாலம் இவ்விஷயத்தில் தமிழ்நாடே முதலிடம் வகித்தது. இதற்காக உழைத்த எஞ்சினீயர்களையும் துணிந்து பணம் போட்ட மில் முதலாளிகளையும் பாராட்டாமலிருப்பது நியாயமாகாது.

ஆனால் அந்தக் காற்றாலைகள் எப்படி வந்தன என்பதையும் சொல்லத்தான் வேண்டும். டென்மார்க்கிலிருந்து யந்திரத்தைக் கொண்டுவந்த நாம், பங்கு முறையைக் கொண்டுவரவில்லை. வருமான வரிச் சட்டத்திலுள்ள தேய்மானச் சலுகையை நம்பினோம். 1990களில் காற்றாலை வாங்குபவர் அதன் விலை முழுவதையும் முதல் வருஷத்திலேயே தம் லாபத்திலிருந்து கழித்துக் கொள்ளலாம். வரி கட்டுமளவுக்குப் பெரிய லாபம் உடையவருக்கே அச்சலுகை பயன்படும் என்பதைச் சட்டம் பயின்றவர் விளக்க வேண்டியதில்லை. காற்றாலையை வாங்கியதற்குச் சலுகை கிடைத்ததேயொழிய, அது எவ்வளவு மின்சாரம் கொடுத்தது என்று கேட்பார் இல்லை. யூனிட்டுக்கு 50 காசு என்று உற்பத்தியைப் பொறுத்து ஊக்கத்தொகை கொடுக்கும் யோசனை 2009இல்தான் வந்தது.

இம்முறையின் பலவீனம் 2012இல் வெட்ட வெளிச்சமாயிற்று. அவ்வருஷம் ஏப்ரலில் விரைவுத் தேய்மானச் சலுகையை மத்திய சர்க்கார் நிறுத்தியது. முந்திய வருஷத்தில் தேச முழுவதும் 3,000 மெகாவாட்டுக்கு மேல் நிறுவப்பட்ட காற்றாலைகள், அந்த ஒரே வருஷத்தில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. 2014இல் சலுகை திரும்பி வந்தது. காற்று நிற்கவில்லை, எண்ணெயும் மலிந்துவிடவில்லை, வரிச் சட்டத்தின் ஒரு பிரிவு மாறியதும் தேச முயற்சி பாதியாயிற்று. கெட்ஸரில் 1967இல் நடந்ததற்கும் இதற்கும் என்ன பேதம்? முப்பந்தலைச் சுற்றியுள்ள கிராமவாசி ஒருவராவது, "என் காற்றாலை ஏன் நின்றது?" என்று கேட்டிருக்க முடியாது. அவருக்கு அதில் இருந்தது காட்சி மட்டுமே.

சில ஆட்சேபங்கள்

நம் கட்சிக்கு எதிராகச் சொல்லப்படும் ஆட்சேபங்களையும் கவனிப்போம்.

காற்று நிலையற்றது என்பது முதல் ஆட்சேபம். வாஸ்தவம். நம் காற்று மே முதல் செப்டம்பர் வரை பெருகி, பின்னர் தணிகிறது. டென்மார்க்கில் காற்று மிகும்போது எஞ்சிய மின்சாரம் கடலடிக் கம்பிகள் வழியாக நார்வேக்குப் போகிறது. காற்று ஓய்ந்தபோது நார்வேயின் அணை மின்சாரம் திரும்பி வருகிறது. நமக்கும் அத்தகைய ஏற்பாடு அசாத்தியமன்று. ஆனைமலைப் பகுதியிலுள்ள காடம்பாறையில், மின்சாரம் மிகும் வேளையில் கீழ்த் தேக்கத்து நீரை மேலே ஏற்றி, தேவையான வேளையில் கீழே விட்டு 400 மெகாவாட் எடுக்கும் நிலையம் 1980களின் பிற்பகுதியிலேயே ஏற்பட்டுவிட்டது. 2013 டிசம்பர் 31இல் தென்னாட்டு மின்சார வலை ரெய்ச்சூர்-சோலாப்பூர் கம்பியின் மூலம் வடநாட்டு வலையோடு இணைந்தது. அதற்கு முன் காற்று வீசியும் கொண்டு செல்லக் கம்பியில்லாமல் காற்றாலைகள் நிறுத்தி வைக்கப்பட்ட பருவங்கள் உண்டு. நீர்த் தேக்கமும் மின்கம்பியும் பெருகப் பெருக இந்த ஆட்சேபம் வலுவிழந்து போகும். இரவில் காற்றும் பகலில் வெயிலும் ஒன்றுக்கொன்று துணை செய்வதும் கண்கூடு.

ஏழைக் கிராமவாசிக்குப் பங்கு வாங்கப் பணமேது என்பது இரண்டாவது ஆட்சேபம். இதற்கு நம் நாட்டிலேயே விடையிருக்கிறது. கோயம்புத்தூர் ஜில்லாவில் மேட்டுப்பாளையத்தை அடுத்த ஓடந்துறைப் பஞ்சாயத்து, தன் சேமிப்போடு பாங்கிக் கடனும் சேர்த்து, சுமார் ஒன்றரைக் கோடி ரூபாய் செலவில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை 2006இல் தனக்கென்று வாங்கிற்று. தெருவிளக்குக்கும் குடிநீர்ப் பம்புக்கும் போக எஞ்சிய மின்சாரத்தை மின்சார வாரியத்துக்கு விற்றது. பஞ்சாயத்தின் காற்றாலையில் கூலிக்காரருக்கும் பண்ணைக்காரருக்கும் சமபங்கு. ஒரு பஞ்சாயத்துக்கு முடிந்தது மற்றப் பஞ்சாயத்துகளுக்கு ஏன் முடியாது?

ஜனங்கள் நடத்தும் கம்பெனி நிலைக்காது என்பது மூன்றாவது ஆட்சேபம். இதைச் சொல்லுபவர்கள் தூத்துக்குடியின் சரித்திரத்தையே உதாரணமாகக் காட்டக்கூடும். ஆகையால் அதையும் நேரில் நின்று பார்த்துவிடுவோம்.

நாற்பதாயிரம் பங்குகள்

1906இல் தூத்துக்குடியில் வக்கீல் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியை ஸ்தாபித்தார். மூலதனம் 10 லட்ச ரூபாய். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். இரண்டு பெரிய முதலாளிகளிடம் போய் அத்தொகையை அவர் கேட்டிருக்கலாம். அப்படிச் செய்யாமல் நாற்பதாயிரம் துண்டுகளாகப் பிரித்ததில் அவருடைய தீர்க்கதரிசனம் விளங்குகிறது. 25 ரூபாய் அக்காலத்துக் கூலிக்காரருக்கு எட்டாத தொகையே. ஆயினும் சிறு வியாபாரிக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கும் எட்டியது. கப்பல் ஓடினால் அது தங்கள் கப்பல் என்று ஜனங்கள் எண்ண வேண்டும் என்பதே அதன் உட்கருத்து. ஒரு நூற்றாண்டு கழித்துக் கோபன்ஹேகன் நகரவாசிகள் தங்கள் காற்றாலைகளை ஏறக்குறைய அதே எண்ணிக்கையுள்ள பங்குகளாகப் பிரித்துக்கொண்டார்கள். அவர்கள் நம் சிதம்பரம் பிள்ளையின் பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள். நியாயமான யோசனை எந்த நாட்டிலும் ஒரே உருவத்தில்தான் பிறக்கிறது போலும்!

அந்தக் கம்பெனி நிலைக்கவில்லை என்பது உண்மை. 1907இல் காலியா, லாவோ என்ற கப்பல்கள் வந்தன. எதிர்க் கம்பெனி கட்டணத்தை வெட்டிக் குறைத்தது. 1908இல் சிதம்பரம் பிள்ளை சிறைப்பட்டார். 1911இல் கம்பெனி கலைந்தது. ஆனால் அதைக் கொன்றவர் பங்குக்காரர்களா? அந்நிய வர்த்தகமும் அந்நிய சர்க்காரும் கைகோத்து நின்று நசுக்கின. இன்று சர்க்கார் நம்முடையது. அன்று பகையாயிருந்த அதிகாரம் இன்று துணையாயிருக்க வேண்டியது. அவர் பெயர் தாங்கிய தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து காற்றாலை இறகுகள் அந்நிய நாடுகளுக்குக் கப்பலேறுகின்றன. யந்திரம் செய்யக் கற்றுக்கொண்டோம், ஏற்றுமதியும் செய்கிறோம். எஞ்சியிருப்பது அந்தப் பங்கு முறையைத் திரும்ப எடுப்பது ஒன்றே.

அதற்குத் தக்க சமயமும் வாய்த்திருக்கிறது. முப்பது வருஷங்களுக்கு முன் நட்ட 225, 250 கிலோவாட் யந்திரங்கள், கணவாய்களின் மிகச் சிறந்த இடங்களைப் பிடித்துக்கொண்டு தள்ளாடுகின்றன. அத்தகைய பத்து யந்திரங்களின் வேலையை இக்காலத்து யந்திரம் ஒன்றே செய்துவிடும். பழைய காற்றாலைகளைப் புதுப்பிப்பதற்கென்று தமிழ்நாடு சர்க்கார் 2024இல் ஒரு கொள்கையையும் வெளியிட்டது. பழையது போய்ப் புதியது வரும் இந்த மாறுதலில்தான் நம் கோரிக்கைக்கு இடமிருக்கிறது.

நாம் கேட்பது அதிகமன்று. பழைய காற்றாலை இருந்த இடத்தில் புதியதை நடுவோர், அதன் உரிமையில் ஐந்தில் ஒரு பங்கைச் சுற்றுக் கிராமங்களின் வாசிகளுக்கும் பஞ்சாயத்துக்கும் நியாயமான விலைக்கு முதலில் கொடுக்க முன்வர வேண்டும். அதை வாங்கக் கூட்டுறவுப் பாங்கிகள், வரப்போகும் மின்சார வருமானத்தையே ஈடாகக் கொண்டு கடன் கொடுக்க வேண்டும். கூலி வேலை செய்வோரின் நன்மைக்காகப் பஞ்சாயத்தின் பங்கு ஒருபோதும் பிறருக்கு விற்கக் கூடாததாக இருக்க வேண்டும். மின்கம்பிக்கும் நீர்த் தேக்கத்துக்கும் சர்க்கார் பொறுப்பேற்க வேண்டும். இதில் எந்த முதலாளியின் சொத்தும் பறிக்கப்படவில்லை. நாலு பங்கு அவர்களிடமே இருக்கிறது. ஐந்தாவது பங்கு தேசத்தின் ஞாபகசக்திக்காக நாம் கட்டும் இன்ஷூரன்ஸ்.

ஏனெனில் எண்ணெய் விலை ஒருநாள் இறங்கும். இறங்கிய அன்று, "காற்றாலைக்கு இவ்வளவு செலவு ஏன்? கப்பலில் வருவது மலிவாயிருக்கிறதே" என்று சொல்லும் நிபுணர்கள் எழுவார்கள், 1967இல் எழுந்தார்கள், இனியும் எழுவார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லப் பத்திரிகாசிரியர்களால் மட்டும் முடியாது. ஆரல்வாய்மொழியிலும் கயத்தாறிலும் செங்கோட்டையிலும் உள்ள பதினாயிரக் கணக்கான குடும்பங்கள் தங்கள் கணக்குச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றால் அந்த நிபுணர்கள் வாயடைத்துப் போவார்கள்.

நம் கணவாய்களில் காற்று யாரிடமும் அனுமதி கேட்டு வீசுவதில்லை. எந்தத் துறைமுகத்திலும் சுங்கம் கட்டுவதில்லை. எந்த யுத்தத்தாலும் தடைப்படுவதில்லை. கணவாயின் வாயிலில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதில் ஒரு பிடியாவது சொந்தமாகட்டும். அடுத்த ஆடிக்குள் ஒரு கணவாயிலாவது, ஒரு கிராமத்திலாவது அது தொடங்கட்டும்.